வண்டி உன்கிட்ட, புக்கு எங்கிட்ட

எங்கள் வாசலில் நிற்கிற அம்பாசிடருக்கும் என் அண்ணனுக்கும் ஒரே வயசு. இரண்டும் 1973. அண்ணனுக்கு முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. வண்டி போன மாதம்கூடத் திண்டிவனம் போய்விட்டு வந்தது.

பழைய கார் வைத்திருக்கிறவர்களைப் பற்றி இப்போதெல்லாம் படம் போட்டு எழுதுகிறார்கள். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் என்ஜின் புதுசு மாதிரி இருக்கிறது, எத்தனை லட்சம் கொடுத்தாலும் விற்கமாட்டேன் என்கிறார்கள். அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தில் வண்டிக்கு முன்னால் உடையவரும் அவர் பிள்ளைகுட்டிகளும்தான் நிற்கிறார்கள். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக் கிரீஸ் அடித்தவனை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. இந்த வண்டிக்கு அடியில் படுத்தவர் என் நைனா. வண்டி அவருடையதாக இல்லாத இருபத்து மூன்று வருஷமும் அவர்தான் படுத்தார்.

அம்பாசிடர் ஒன்றும் அதிசய வண்டி இல்லை. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் ஓடியதை எடுத்து, 1957 முதல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். இடையில் முகப்பு மாறியது, என்ஜின் மாறியது, உருவம் மட்டும் மாறவே இல்லை. அதனால் ஒரு வண்டியின் கதவைக் கொண்டுவந்து கொஞ்சம் தட்டினால் இன்னொன்றுக்குப் பொருந்திவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்தால் எந்தச் சாமானும் கிடைத்துவிடும். சிலிண்டர் தேய்ந்தால் என்ஜினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. லேத்தில் கொடுத்துத் துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுக்கொள்ளலாம். இருபது ஓவர்சைஸ், நாற்பது ஓவர்சைஸ் என்பார்கள் மெக்கானிக்குகள். அதற்கும் மேலே தேய்ந்தால் சிலீவ் அடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இரும்பும் கனமான இரும்புதான். ஆனால் நாள் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் முன்சக்கரத்துக் கிங்பின் தேய்ந்து ஸ்டியரிங் ஆட ஆரம்பித்துவிடும். ஆள் கேட்கிற வண்டி அது.

பண்ணை வீட்டில் முதலில் வேறு சாதி டிரைவர்தான் இருந்தார். 1976-ல் அவர் துபாய்க்குப் போய்விட்டார். பண்ணை டிராக்டரைத் துடைத்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் நைனா. வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று அவரை உட்காரவைத்தார்கள். வேறு ஆள் தேடவேயில்லை. தேடினால் சம்பளம் கொடுக்கவேண்டி வருமே.

சாவியை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. திண்ணையில் வைப்பார்கள், எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். பண்ணை வீட்டில் பத்து வயசுப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அம்பாசிடரில் முன்சீட்டு ஒரே நீள பெஞ்சு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கல்யாணம் காட்சிக்குப் போகும்போது பின்சீட்டில் ஆறு பேர் மடிமேல் மடியாக உட்கார்ந்து வேர்த்து வழிவார்கள். நைனாவுக்குப் பக்கத்தில் பழக்கூடைதான் போகும்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். காலேஜில் படிக்கிற காலம், 1994, 95. கூட்டங்களுக்குப் போய்வந்த சூடு. ஞாயிற்றுக்கிழமையும் பண்ணைக் கொட்டகையில் போய் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "இன்னா நைனா, அவங்க வண்டிக்கு நீ ஏன் இப்பிடி உயிரை உடற? கூலி குடுக்காதவனுக்கு விசுவாசமா?" என்று கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டேய், மெட்ராஸ் ரோட்ல மதுராந்தகம் தாண்டிட்டா நான் யாருன்னு எவனுக்குடா தெரியும்? ஓட்டல்ல எல்லாருக்கும் குடுக்கற கிளாஸ்லதான் எனக்கும் டீ குடுக்கறான். 'டிரைவர் அண்ணே, இன்னா சாப்புடற'ன்னு கேக்கறான். உள்ள உக்காந்துதான் துன்னுட்டு வரேன். இந்த வண்டி நின்னுப்போச்சுன்னா எனக்கு நம்மூர் டீக்கடைதான். கூரையில சொருவி வச்சிருக்கற கொட்டாங்கச்சிதான்."

விசுவாசம் என்று நான் திட்டியதற்கு அவரிடம் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகிறாரோ அத்தனை நேரம் அவர் டிரைவர் அண்ணன். மீட்டரில் ஐந்து எண்தான். 99,999 தாண்டினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்படி வரும்போதெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவைப்பார். பண்ணை வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கீறல்கள் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் ஜனங்கள் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். அந்தக் கலவர நாட்களில் ஒருநாள் நைனா விழுப்புரம் வழியாகத் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டையோடு நின்றவர்கள் மடக்கினார்கள். "யார் வண்டி?" என்றார்கள். பண்ணையின் பெயரைச் சொன்னார். வழிவிட்டார்கள். "நீ யாரு?" என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். "வண்டிதான்டா காப்பாத்துச்சு" என்று சொல்லும்போதெல்லாம் நைனாவுக்குக் குரல் இறங்கிவிடும். அவர் நன்றி சொன்னது வண்டிக்கா, பண்ணைக்கா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஆனால் 1981-ல் என் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தபோது, கொட்டகையில் சும்மா நின்ற அதே வண்டியைக் கேட்டுப் போய் நின்றிருக்கிறார். சீட்டு உறை புதுசு என்று சொல்லிவிட்டார்கள். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே பிறந்தாள். நன்றியைப் பற்றி அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை.

1999-ல் பண்ணையில் புது வண்டி வாங்கினார்கள். புது வண்டிக்குப் புது டிரைவர் வந்தான், அவர்கள் சொந்தக்காரப் பையன். நைனாவுக்குச் சம்பள பாக்கியே இருபதாயிரத்துக்கு மேலே நின்றது. "காசா எங்க போறது? இந்தப் பழசை நீயே ஓட்டிகினு போ, சரியாப் பூடும்" என்றார் பெரியவர். கோழி அடைகிற கொட்டகையிலிருந்து நானும் அண்ணனும்தான் தள்ளிக்கொண்டு வந்தோம். தரைத்தகடு துருப்பிடித்து ரோடு தெரிந்தது. எங்கள் ஆயா கற்பூரம் கொளுத்தினாள். "எம்புள்ள பிளசரு வாங்கிட்டான்" என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வாங்கவில்லை. ஆர்.சி. புக்கைப் பெரியவர் தரவில்லை. பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு படிவம் இருக்கிறது, அதில் விற்கிறவர் கையெழுத்துப் போடவேண்டும். கேட்டுப் போனபோதெல்லாம் ஒரே பதில்தான்: "வண்டி உன்கிட்ட இருக்கட்டும், புக்கு எங்கிட்ட இருக்கட்டும். நான் என்ன தின்னுடவா போறேன்?" நாலு வருஷம் இப்படியே போனது. வண்டி ரோட்டில் மாட்டினால் நைனா திருடன். எப்போது வேண்டுமானாலும் "என் வண்டியைக் கொண்டா" என்று சொல்லலாம். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து எங்களை எப்படி வைத்திருந்தார்களோ, அதே வழி.

2001-ல் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போனோம். வளைகாப்பு முடிந்து, சோற்றுச் சட்டிகளோடு அம்மாவும் தங்கையும் பின்சீட்டில். நான் முன்னால் நைனா பக்கத்தில். காலனிக்கு வரவேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்தத் தெருவில் நைனா அந்த வண்டியை ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு நாலு பேர் குறுக்கே வந்து நின்றார்கள். "வண்டி அதே வண்டி, ஓட்றவனும் அவனேதான். பின்னாடி உக்காந்திருக்கறதுதான் புதுசு" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். "எறங்கித் தள்ளிகினு போ. கோயில் தாண்டி ஏறிக்க."

அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1929-ல் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர் யாரும் அவரை ஏற்றி ஓட்ட மாட்டேன் என்றார்கள். தீண்டத்தகாதவன் பின்னால் உட்கார, தான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். வண்டியை மட்டும் கொடுத்தார்கள். நம் ஆள் ஒருவர் பழக்கமில்லாமல் ஓட்டி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. முன்சீட்டில் யார், பின்சீட்டில் யார் என்பது சின்ன விஷயமில்லை. அதை ஊர்த்தெருக்காரன் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான்.

நைனா இறங்கவில்லை. பதிலும் பேசவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை. எனக்குப் பதறியது. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது: பேட்டரி செத்துப்போயிருந்தது, செல்ஃப் எடுக்காது. என்ஜின் ஒருமுறை நின்றால் தள்ளித்தான் கிளப்பவேண்டும். அவர்கள் கேட்டதும் அதைத்தான். 73 மாடலுக்கு டைனமோ. சும்மா ஐடிலில் ஓடினால் சார்ஜ் ஏறாது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திவைத்தால் சார்ஜ் ஏறும், ஆனால் நிற்கிற வண்டி சூடாகும். அதிகம் அழுத்தினால் மேலே ஏற்ற வருகிறான் என்று அடிப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடித்து நைனா கால் வைத்திருந்தார். கெண்டைக்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். என்ஜின் நடுங்கவில்லை. முந்தின வாரம்தான் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார், பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்திருந்தார். தங்கை அழுதாள். அம்மா மட்டும், "நீ எறங்காதய்யா" என்று ஒரு தடவை சொன்னாள்.

நாற்பது நிமிஷம். பின்னால் டவுன் பஸ் வந்து ஆரன் அடித்தது. பஸ்ஸில் அவர்கள் வீட்டு ஜனங்களும்தான் இருந்தார்கள். "வழி உடுங்கப்பா" என்று பஸ்ஸிலிருந்தே சத்தம் போட்டார்கள். ஒதுங்கினார்கள். நைனா முதல் கியரைப் போட்டார். காலனி வந்து என்ஜினை நிறுத்தியதும் ரேடியேட்டர் பொங்கி வாசலெல்லாம் தண்ணீர்.

புக்கு 2003-ல் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்பது தனிக் கதை. வக்கீல் நோட்டீசு அனுப்பினோம், அவ்வளவு போதும். நைனாவின் பெயரும் தாத்தாவின் பெயரும் எழுதியிருந்த பக்கத்தை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 2004-ல் நாலாவது கீறல் விழுந்தது, எங்கள் வாசலிலேயே. வெள்ளை போர்டு வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்குப் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு காலனியில் பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் போனார். எத்தனை பிள்ளைகள் அந்தப் பின்சீட்டில் ஜிப்மர் போயிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை.

2015-ல் பண்ணை வீட்டுப் பேரன் வந்தார். நைனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தப் பத்து வயசுப் பையன்தான், இப்போது சென்னையில் பெரிய வேலை. அம்பாசிடர் நின்றுபோனதால் பழசுக்குக் கிராக்கி. "எங்க தாத்தா வண்டி, சென்டிமென்ட்" என்றார். இரண்டரை லட்சம் தருகிறேன் என்றார். இந்த முறை பெயர் சொல்லவில்லை, 'நீங்க' என்றார். பழக்கதோஷம், நேரே போய்ப் பின்கதவைப் பிடித்தார். "முன்னாடி வா தம்பி, அந்தக் கதவு உள்ளருந்துதான் தொறக்கும்" என்றார் நைனா. முன்சீட்டில் உட்காரவைத்து மெயின்ரோடு வரைக்கும் போய்த் திரும்பினார். விற்கிறதில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் ஒரு படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் வண்டி முன்னால் கைகட்டி நின்றார். செல்போனை நைனாவிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார். நைனா அதுவரை செல்போனில் படம் எடுத்ததில்லை. எங்கே அமுக்குவது என்று கேட்டு அமுக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். வண்டி பம்பர் முதல் டிக்கி வரை முழுசாக விழுந்திருந்தது. பேரனுக்குக் கழுத்துக்கு மேலே இல்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொல்ல அவருக்கு என்ன தயக்கமோ, வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நைனா 2018-ல் செத்துப்போனார். ஐந்தாவது கீறலை 2021-ல் நான் போட்டேன், மதுராந்தகம் தாண்டி. 2022-ல் பழைய கார்களுக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். கட்டினேன். புக்கு என் பெயரில் இருக்கிறது.