ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை

கல்லூரி அட்மிஷனில் பதில் மூன்று வகை. ஆமாம், இல்லை, "பொறுங்கள்". இந்த மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகளுக்கு இந்த டிசம்பரில் அந்த மூன்றாவது பதில் வந்தது. அங்கே "எர்லி டிசிஷன்" என்று ஒரு முறை. பிடித்த ஒரே கல்லூரிக்கு நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று வாக்கும் கொடுக்க வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு. இவளுக்கு வந்தது "டிஃபர்டு". சித்தி எங்க அம்மாவுக்குப் போன் செய்து ஒரே அழுகை. "புள்ளைய வேண்டாம்னுட்டாங்க அக்கா!"

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய விண்ணப்பத்தைப் பொது விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி படிப்பார்கள், மார்ச் கடைசி வாக்கில் முடிவு சொல்வார்கள். அவ்வளவுதான்.

நம்ம ஊரில் இதற்குப் பக்கத்துச் சொந்தம் "வெயிட்டிங் லிஸ்ட்". நானும் அதில் நின்றவன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, பி.காம்., என் எண் 19. பார்க்கிறவர்கள் எல்லாம் "பத்தொம்பதுதானே, கண்டிப்பா வந்துரும்லே" என்றார்கள். வருமா?

எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது மக்கா. முதலில் அது எந்தப் பட்டியலின் எண்? தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு. பொதுப் பிரிவு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. அறுபது இடம் உள்ள வகுப்பு என்றால் பி.சி.க்கு ஏறக்குறைய 16 இடம். அந்தப் பட்டியலில் நான் 19 என்றால், சேர்ந்த பதினாறு பேருமே விலகினாலும் எனக்கு வராது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களும் வேறிடம் போக வேண்டும்.

அடுத்த கேள்வி, முன்னால் இருப்பவர்களுக்குப் போக வேறு வாசல் உண்டா? பி.எஸ்சி. கணிதம், கம்ப்யூட்டர் பட்டியல் என்றால், பொறியியல் கலந்தாய்வு நடக்க நடக்க ஆட்கள் கழன்று போவார்கள். பட்டியல் நகரும். காமர்ஸ் குரூப் படித்தவனுக்கு அந்த வாசல் பொதுவாகக் கிடையாது. இன்னொரு கல்லூரியில் பி.காம். கிடைத்தால்தான் இடத்தை விடுவான். அதனால் எங்க பட்டியல் ஆமை.

தங்கச்சியின் கதை வேறு. டிஃபர்டு என்பதில் எண்ணும் கிடையாது, வரிசையும் கிடையாது. அந்தக் கல்லூரி வழக்கமாக எத்தனை பேரைத் தள்ளி வைக்கிறது என்பதுதான் விஷயம். சில இடங்களில் தேராதவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பதில்தான். அங்கே அது ஒரு மரியாதை வார்த்தை. வேறு சில இடங்களில் பெரும்பாலானோரை நேராகவே நிராகரித்துவிட்டு, கொஞ்சம் பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அங்கே அதற்குக் கொஞ்சம் எடை உண்டு. இன்னொரு லாபமும் இருக்கிறது. கொடுத்த வாக்கு இப்போது அவளைக் கட்டாது. மற்றக் கல்லூரிகள் எவ்வளவு உதவித்தொகை தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சேரலாம். காமர்ஸ்காரன் கணக்கில் இது சின்ன விஷயமில்லை :-)

காத்திருக்கும்போது கை சும்மா இருக்கக் கூடாது. எங்க வீட்டில் பெரிய சண்டையே இதற்குத்தான். தூத்துக்குடியில் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு வாழைதான் வருமானம், தார் வெட்டினால்தான் காசு. "இங்க பணத்தக் கட்டிட்டு, பாளையங்கோட்டையில கூப்பிட்டா இது திரும்ப வருமாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பில் இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், அதிகபட்சம் 5 சதவீதம் (5,000 ரூபாய்க்கு மேல் போகாமல்) பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அதற்குப் பிறகு கடைசித் தேதி வரை 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அப்புறம் ஒன்றுமில்லை. நான் சேர்ந்த 2023-24க்கு இன்னும் தாராளம், செப்டம்பர் 30 வரை முழுத்தொகை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அப்பா பணம் கட்டினார்.

பாளையங்கோட்டையில் பட்டியல் 11-இல் நின்றுவிட்டது. நான் தூத்துக்குடியில் இப்போது மூன்றாம் வருடம். பக்கத்துச் சீட்டுக்காரன் வேறொரு ஊர் லிஸ்டில் நின்றவன். காஸ்ட் அக்கவுண்டிங் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் புரியவில்லை.

எங்க கொற்கை பாண்டியர் துறைமுகமாக இருந்த ஊர். தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போனது. கடல் திரும்பட்டும் என்று வியாபாரிகள் கரையில் உட்காரவில்லை. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள்.

தங்கச்சியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "அண்ணே, நீங்க சொல்றதுல பாதி புரியல" என்றாள். ஆனால் இந்த அரையாண்டு மதிப்பெண்ணை அனுப்பப் போகிறாள், இன்னும் உங்கள் கல்லூரிதான் எனக்கு முதல் விருப்பம் என்று ஒரே ஒரு கடிதம் எழுதப் போகிறாள். கூடவே வேறு ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தயாராகிறது. சித்தி அழுகையை நிறுத்திவிட்டு, அந்த ஆறில் எது வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.