இரைச்சலுக்குள் ஒரு குரல்

வானொலி என்றால் நமக்குப் பாட்டும் செய்தியும்தான். கல்லடியில் என் அண்ணன் வைத்திருப்பது வேறு வகை. அமெச்சூர் வானொலி என்பார்கள். அரசின் உரிமம் பெற்று, சிற்றலையில் தூர தேசங்களோடு பேசலாம். பேசுவது அவர் வேலை. பக்கத்திலிருந்து கேட்பது என் பங்கு.

அந்தப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழோடு, ‘ஆர்.எஃப். கெயின்’ என்று இன்னொரு குமிழும் உண்டு. ஏரியல் கம்பியில் வந்து சேரும் அலையை எவ்வளவு பெருக்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. குரல் தெளிவில்லாவிட்டால் எவருடைய கையும் சத்தக் குமிழுக்கே போகும். ஆனால் குரலோடு இரைச்சலும் கூடிவிடும்.

“சத்தத்தக் கூட்டாத புள்ள, முதல்ல இரைச்சலக் குறை” என்பார் அண்ணன்.

பெட்டிக்குள் தானாக இயங்கும் கட்டுப்பாடு ஒன்றும் இருக்கிறது. பலத்த குரல் வந்தால் அது பெருக்கத்தைக் குறைக்கும். பேச்சு நின்றதும் கூட்டிவிடும். அதனால்தான் பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் இரைச்சல் பொங்கி எழுகிறது. ஆர்.எஃப். கெயினை மெல்லக் குறைத்து, அந்த இடைவெளி இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு சத்தத்தைத் தேவைக்குக் கூட்டலாம். அப்போது பல பெட்டிகளில் மீட்டர் முள் மேலே ஏறும். குரல் பலமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அளவுக்கு மேல் குறைத்தால் மெல்லிய குரலும் போய்விடும். சுளகில் புடைப்பது போலத்தான்: பதர் பறக்க வேண்டும், அரிசி சிந்தக் கூடாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு இதை நான் பொழுதுபோக்காக நினைப்பதில்லை. நாவலடியில் இருந்த எங்கள் பெரியம்மா குடும்பம் எங்கே என்று மூன்று நாட்கள் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்கவும் வழியில்லை. அதே நாட்களில் அந்தமான் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்ற பெண் தன் அமெச்சூர் வானொலி மூலம் அங்குள்ளவர்களின் செய்திகளை இந்தியாவில் இருந்த உறவினர்களுக்குச் சேர்த்தார். நம் நாட்டிலும் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையையும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தையும் சிற்றலையில் இணைத்தார்கள். மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் காதுகொடுத்திருக்காவிட்டால் அந்தச் செய்திகள் காற்றோடு போயிருக்கும்.

நம் வாவிக்காரருக்கு இது புதிதல்ல. மீன்பாடும் ஓசையைக் கேட்க நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறு முனையைக் காதில் வைப்பார்கள். மோட்டார் ஓடினால் கேட்குமா?

வெள்ளத்தில் மின்சாரம் நின்றால், கார் பற்றரியில் இந்தப் பெட்டி இயங்கும். அப்போது மின்குமிழ், போன் சார்ஜர்களின் இரைச்சலும் இல்லாததால் இன்னும் தெளிவாகக் கேட்கும். மற்ற நாட்களிலும் கேட்க உட்காருமுன் அவற்றை நிறுத்திவிடுங்கள்.

சகோதரிகளே, கருவி ஆண்களுக்கு என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பழக்குங்கள். உதவி கேட்பவரின் குரல் எப்போதும் உரத்து வருவதில்லை.