என்ற பையனும் கேப்சர் கார்டும்



போன பதிவுல மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதினப்போ, "ராத்திரி உங்க சாளையில டிராக்டர் சத்தம் கேக்குதே, எந்த வயலை உழுவறீங்க?"ன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டதை ஒரு வரி சொல்லியிருந்தேன். அது என்ன விசயம்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. அது நிஜ டிராக்டர் இல்லீங்க. என்ற பையன் டிவியில ஓட்டுற டிராக்டர். மைக்குல சத்தம் நல்லா போகுதான்னு பாக்கறதுக்கு ஸ்பீக்கரை வேகமா வச்சிருந்தான், அது வரப்பு தாண்டிப் போயிருச்சு.

பையனுக்கு 27 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலையில நாலு வருசம் இருந்தான். ஆர்டர் குறைஞ்சப்ப ஆளைக் குறைச்சாங்க, ஊருக்கு வந்துட்டான். ரெண்டு வருசமா என்கூட பண்ணையம் பாக்கறான். காத்தால நாலரைக்கு எந்திரிச்சு ரெண்டு மாட்டுலயும் பால் பீச்சி சொசைட்டிக்கு ஊத்தறது அவன்தான். சொட்டுநீர்ல உரம் விடறது அவன்தான். வாரத்துல நாலு நாள், ராத்திரி ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் அவன் நேரம். அந்த ரெண்டு மணி நேரம் அவன் விளையாடறதை யூடியூப்புல நேரடியா ஓட விடறான். பாக்கறதுக்கு நாப்பது, அம்பது பேர் வர்றாங்க. சில நாள் நூறு தாண்டும்.

விளையாட்டு பேரு ஃபார்மிங் சிமுலேட்டர். சுவிட்சர்லாந்துல ஒரு கம்பெனி 2008ல இருந்து இதைப் பண்ணிட்டிருக்குது. சுடறது, குத்தறது எதுவும் கிடையாது. உழுவணும், விதைக்கணும், அறுக்கணும், விக்கணும், கடன் கட்டணும். இதை எதுக்குடா காசு குடுத்து ஆடணும், வெளிய வா, சும்மாவே தர்றேன்னு நான் சொன்னதுண்டு. 2024 நவம்பர்ல வந்த பதிப்புல நெல்லும் எருமையும் சேத்திருக்கறாங்க. அதுக்கு முன்னால கோதுமை, சோளம், உருளைக்கிழங்குன்னு வெளிநாட்டுப் பண்ணையமாவே இருந்தது. நெல்லு வந்த பொறகுதான் நம்மாளுங்க பாக்க ஆரம்பிச்சாங்கன்னு பையன் சொல்றான்.

இனி அந்தப் பெட்டிக்கு வர்றேன். அதுக்குப் பேரு கேப்சர் கார்டு. கார்டுன்னதும் நான் ஏடிஎம் கார்டு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி, சட்டைப் பையில போட்டுக்கலாம். மூணு வாய் இருக்குது. பிளேஸ்டேஷன்ல இருந்து வர்ற எச்டிஎம்ஐ வயர் ஒரு வாயில. இன்னொரு வாயில இருந்து டிவிக்கு ஒரு வயர். மூணாவது வாயில யூஎஸ்பி வயர், அது லேப்டாப்புக்கு. வாய்க்கால் மடையில தண்ணி ரெண்டாப் பிரியற மாதிரின்னு வச்சுக்குங்க. ஆனா தண்ணி பிரிஞ்சா ரெண்டு பக்கமும் குறையும். இங்க டிவிக்கும் படம் முழுசாப் போகுது, லேப்டாப்புக்கும் முழுசாப் போகுது. கீழ்பவானியில இப்படி ஒரு மடை இருந்திருந்தா எங்கூர்ல பாதிச் சண்டை நடந்திருக்காது.

பெட்டிக்குள்ள எதுவும் சேந்து இருக்கறதில்லை. படத்தைப் பிடிச்சு லேப்டாப்புக்குப் புரியற மாதிரி மாத்தித் தள்ளறதோட அதும் வேலை முடிஞ்சுது. அதைப் பதிவு பண்றதும், யூடியூப்புக்கு அனுப்பறதும் லேப்டாப்புல இருக்கற ஓபிஎஸ்ங்கற மென்பொருள். அது இலவசம். இந்தக் காலத்துல ஒரு நல்ல சாமானை இலவசமா குடுக்கறாங்கன்னா எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆனா இதை உலகம் பூராவும் இருக்கற ஆளுங்க சேந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டிருக்கறாங்களாம். ஊர்க் கிணறு மாதிரி.

பிளேஸ்டேஷன்லயே நேரா யூடியூப்புக்கு அனுப்பற வசதி இருக்குது, அப்புறம் எதுக்குடா தனிப் பெட்டின்னு நான் கேட்டேன். அவன் சொன்ன காரணம் எனக்கு ஒத்துக்கற மாதிரி இருந்தது. லேப்டாப் வழியாப் போனா ஓரத்துல தமிழ்ல எழுத்துப் போடலாம், தன் மூஞ்சியைக் காட்டலாம், ரெண்டாவதா ஒரு மைக் வைக்கலாம், நம்ம வயல்ல போன்ல எடுத்த வீடியோவைப் பக்கத்துலயே ஓட விடலாம். லேப்டாப் அவன் காலேஜ்ல படிக்கறப்ப வாங்கினது. அந்த விளையாட்டை ஓட்டற தெம்பு அதுக்குக் கிடையாது. விளையாட்டுப் பாரத்தை பிளேஸ்டேஷன் இழுத்துக்குது, பிடிச்சு அனுப்பற பாரம் மட்டும்தான் லேப்டாப்புக்கு. பிளேஸ்டேஷனும் புதுசு இல்லை. வெளிநாடு போன சிநேகிதன் பாதி விலைக்குக் குடுத்துட்டுப் போனது.

வாங்க நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஆயிரம் ரூபாய்க்குள்ள பென்டிரைவ் மாதிரி ஒரு கார்டு கிடைக்குது. மேல 4கேன்னு பெருசா அடிச்சிருப்பாங்க. உள்ள போற படம் 4கேயா இருக்கலாம், வெளிய வர்றது 1080தான், அதுவும் பெரும்பாலும் நொடிக்கு 30 படம். பேசிப் பழகறதுக்கு அது போதும். என்ற பையன் ஆறு மாசம் அதுலதான் ஓட்டினான். அதுல டிவிக்குப் போற வாயே இல்லை, லேப்டாப் திரையைப் பாத்துத்தான் ஆடணும். அந்தத் திரையில படம் கண்ணு சிமிட்டற நேரம் தாமதமா வரும். டிராக்டரைத் திருப்பினா அது திரும்பறது தெரியறதுக்குள்ள வரப்பு ஏறிப் போயிரும். இப்ப இருக்கற பெட்டி எட்டாயிரத்துச் சொச்சம். நொடிக்கு 60 படம் பிடிக்கும். ஆனா லேப்டாப்புல வேகமான யூஎஸ்பி 3 வாயில சொருகணும், பெரும்பாலும் நீலக் கலர்ல இருக்கும். பழைய வாயில சொருகிட்டுப் படம் திக்குது, திக்குதுன்னா பெட்டி என்ன பண்ணும்?

இன்னொண்ணு, பிளேஸ்டேஷன்ல எச்டிசிபின்னு ஒரு பூட்டு இருக்குது. சினிமாவை யாரும் காப்பி எடுத்துரக் கூடாதுன்னு வச்சது. அமைப்புகள்ல போயி அதை நிறுத்தினாத்தான் கார்டுல படம் தெரியும், இல்லாட்டி கறுப்புத் திரைதான். விளையாடி முடிச்சுட்டுப் படம் பாக்கணும்னா திரும்பப் போட்டுக்கணும்.

கேப்சர் கார்டு வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கற பசங்களுக்காக இதைச் சொல்றேன். எங்க ஊர்ல பெட்டியை விடப் பெரிய பிரச்சினை மத்த ரெண்டும். நெட்டும் கரண்டும். 1080ல நொடிக்கு 60 படம் அனுப்பறதுக்கு சுமார் 6,000 கிலோபிட் வேகம் வேணும். ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி ஆகும். ரெண்டு மணி நேரம்னா 5.4. போன்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி போட்டுட்டு இதெல்லாம் நடக்காது. அதுவும் நமக்கு வேணுங்கறது கீழ இறங்கற வேகம் இல்லை, மேல ஏத்தற வேகம். ஃபைபர் எங்க வீதிக்கு வந்து ஒரு வருசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னால டவர் சிக்னலுக்காக மொட்டை மாடியில தார்ப்பாய் கட்டி உக்காந்து ஆடினான்.

கரண்டு கதை உங்களுக்கே தெரியும். சுத்துவட்டாரத்துல மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா வீட்டு பல்பு மங்கும். நடுவுல கரண்டு போச்சுன்னா லேப்டாப் பேட்டரியில நிக்கும், பிளேஸ்டேஷன் படுத்துரும். பேட்டரி செத்த லேப்டாப்புன்னா இன்னும் மோசம், பதிவு பண்ற ஃபைல் எம்பி4ல இருந்தா பாதியில நின்ன ஃபைல் திறக்காமப் போயிரும். எம்கேவின்னு ஒரு வகை இருக்குது, அதுல பதிவு பண்ணினா நின்ன இடம் வரைக்கும் மிஞ்சும். பொறகு ஓபிஎஸ்லயே எம்பி4ஆ மாத்திக்கலாம். கிராமத்துல இருந்து இதைப் பண்றவங்க முதல்ல மாத்த வேண்டியது இதைத்தான்னு பையன் எல்லார்கிட்டயும் சொல்லுவான்.

என்னை இதுக்குள்ள இழுத்தது அந்த நெல்லுதான். ஒரு நாள் வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்துட்டு போன்ல அவன் ஓட்டறதைப் பாத்துட்டிருந்தேன். ரூமுக்குள்ள இருந்து அவன் "ஐயையோ"ன்னு கத்தறது முதல்ல கேக்குது. பத்து நொடி கழிச்சுத்தான் போன்ல டிராக்டர் கவுறுது. இடி முன்னால, மின்னல் பின்னால. நடவு மிஷின் வயல்ல போறதைப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயி, "டேய், இவ்வளவு ஆழத்துல நட்டா தூர் கட்டுமா?"ன்னு கேட்டுட்டேன். மைக் ஓடிட்டிருந்தது எனக்குத் தெரியாது. பாத்துட்டிருந்தவங்க எல்லாம் "அப்பாவைப் பேசச் சொல்லுங்க"ன்னு எழுதிட்டாங்க. அப்புறம் வாரத்துல ஒரு நாள் எனக்கும் ஒரு மைக்.

அந்த விளையாட்டுல வரப்பு வெட்டற ஆள் இல்லை. நடவுக்குப் பத்துப் பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு, பேசிச் சிரிச்சுட்டு நடறது இல்லை. காட்டுப்பன்னி வந்து ஒரு ராத்திரியில பாதி வயலைப் புரட்டிப் போடறது இல்லை. மஞ்சளே இல்லை, ஈரோட்டுப் பக்கத்துக்காரனுக்கு அது ஒரு குறைதான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பையன் ஓரத்துல நம்ம வயல் வீடியோவை ஓட விடுவான். கட்டுத்தறியில மாடு கத்தினா "இது கேம் மாடா, நிஜ மாடா?"ன்னு கேள்வி வரும்.

வருமானம் என்னன்னு கேப்பீங்க. இதுவரைக்கும் ஒரு ரூபாய் இல்லை. விளம்பரப் பணத்துல பங்கு வேணும்னா 1,000 சந்தாதாரரும், 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்த கணக்கும் வேணுங்கறது யூடியூப் விதி. முதல் கணக்கைத் தாண்டிட்டான். ரெண்டாவது 2,600ல நிக்குது.

ஆவணியில பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. விவசாயம் பாக்கற பையனுக்குப் பொண்ணு கிடைக்கறது எங்க பக்கத்துல எப்படின்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பொண்ணோட பெரியப்பா, "மாப்பிள்ளை ராத்திரியில டிவியில விளையாட்டு ஆடறாராமுங்க?"ன்னு கேட்டுட்டாரு. யாரோ சொல்லி விட்டிருக்கறாங்க. என்ற சம்சாரம் என்னைப் பாக்கறா. நான் எந்திரிச்சு, "வாங்க, காட்டறேன்"னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மறைச்சு வைக்க அதுல என்ன இருக்குது? பொண்ணோட அப்பா அந்தச் சின்னப் பெட்டியைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இது வழியாவா வெளிநாட்டுக்குப் போகுது?"ன்னாரு. "ஆமாங்க மாமா"ன்னான் பையன். "இதுல எத்தனை வருதுங்க?" அதுக்கு அவன், "இன்னும் வரலீங்க"ன்னு உள்ளதைச் சொன்னான். எனக்கு அது பிடிச்சிருந்தது. அவங்களுக்குப் பிடிச்சிருக்குமான்னு தெரியலை. தை பொறந்ததும் சொல்றோம்னு போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி பையன், "கோயமுத்தூர்ல ஒரு வேலை சொல்லியிருக்கறாங்கப்பா, அவங்க அதைத்தான் எதிர்பாக்கறாங்கன்னா போயிடறேன்"ன்னான். "கார்டை எடுத்துட்டுப் போயிடலாம், எங்க இருந்தாலும் ஓட்டலாம்"னும் சொன்னான். பெட்டியை எடுத்துட்டுப் போயிரலாம், சரி. மூணு ஏக்கரையும் மாட்டையும் எதுல போட்டு எடுத்துட்டுப் போறது? அவன் போனா நான் ஒண்டி ஆளா ரெண்டு வருசம் தள்ளுவேன், அப்புறம் குத்தகைக்குத்தான் விடணும். இதை அவன்கிட்ட நான் சொல்லலை. சொன்னா போக மாட்டான். பொண்ணு வேணுமா, பூமி வேணுமான்னு அவனை நிறுத்தறது நியாயமா எனக்குப் படலை. "தை வரட்டும் கண்ணு"ன்னு மட்டும் சொன்னேன்.

இது வேலையா, விளையாட்டான்னு ஒறம்பரையில கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். காத்தால நாலரைக்கு எந்திரிச்சவன், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வாய் ஓயாம, ஒருத்தரையும் திட்டாம, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கறான். நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க. மஞ்சளும் பத்து மாசப் பயிருதான், நட்ட மறுமாசம் யாரும் அறுவடையைக் கேக்கறதில்லை.

போன வாரம் மஸ்கட்ல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஊர்ல அவங்கப்பா நாத்து விட்டு 30 நாள் ஆயிருச்சாம், வாய்க்கால்ல தண்ணி வரலை, இனி நடலாமான்னு. என்ன ரகம்னு கேட்டேன். நீண்ட கால ரகம்னா 30 நாள் ஒண்ணும் பண்ணாது, குறுகிய கால ரகம்னா 22 நாள் தாண்டினாலே தூர் குறையும். அவருக்கு ரகம் தெரியலை. அப்பாகிட்டக் கேட்டு வியாழக்கிழமை சொல்றேன்னாரு. இந்த வாரம் எங்க லைனுக்கு மூணு பேஸ் கரண்டு ராத்திரி முறை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பையன் மோட்டார் போடப் போயிட்டா, அவன் திரும்பி வர்ற வரைக்கும் அந்த மைக் முன்னால நான் ஒண்டியா உக்காந்து பேசணும்.