பழவங்காடியிலிருந்து நடக்கப் புறப்பட்டால்

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் பலருக்குப் பழவங்காடி என்பது பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் இடம். இல்லையேல், கிழக்குக் கோட்டையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அனந்தபத்மநாபரையும் மிருகக்காட்சிசாலையையும் கோவளத்தையும் காட்டி ரயிலேற்றி விடுகிறோம். கால்வலு உள்ளவருக்கும் குறைந்தவருக்கும் ஏற்ற நடைகள் இங்கிருந்தே தொடங்குவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதியோருக்கும் குழந்தைகளுக்கும் உகந்தது கோட்டைக்குள் அமைந்த நடை. இராணுவத்தாரின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையாரை வணங்கிவிட்டு, கோட்டை வாயிலைக் கடந்தால் பத்மதீர்த்தக் குளம். ஏற்றமில்லை, இறக்கமில்லை. தாடிக்காரன் வாய் திறக்க, இரு ஆடுகள் அவன் கன்னத்தில் முட்டுமாறு அமைந்த மேத்தன் மணியைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். அக்கிரகாரத் தெருக்கள் வழியே வீடு திரும்பலாம். இத்தனை எளிய நடையும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்யும் வரை, பிறப்பின் காரணமாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் பல்லாயிரவர்.

நமக்கு மிகவும் பிடித்தது வெள்ளாயணிக் காயல். கிழக்குக் கோட்டையில் பேருந்து ஏறி, விவசாயக் கல்லூரிப் பக்கம் இறங்கி நடக்க வேண்டும். கடல் அருகிலிருந்தும் இது நன்னீர்க் காயல் என்பது வியப்புக்குரியது. விடியற்காலையில் சென்றால் சிறு வள்ளங்களில் தாமரை பறிப்போரைக் காணலாம். புஞ்சக்கரி வயல்களில் கொக்கும் நாரையும் இரை தேடும். கரை முழுவதும் ஒரே பாதை இல்லை. ஊர்ச்சாலையிலும் வரப்பிலும் மாறி மாறி நடக்க நேரும். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும். வெயில் ஏறினால் நிழலும் குறைவு. முன்னாளில் நீரை இறைத்து இக்காயலில் நெல் விளைவித்தார்கள். அதன் பரப்பும் இன்று சுருங்கிவிட்டது. ஆகாயத்தாமரை படர்ந்த இடங்களைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது.

காயலுக்குத் தெற்கே வெங்ஙானூர். அய்யன்காளி பிறந்த ஊர். அவருடைய குலத்தார் பொதுச்சாலையில் கால் வைக்கலாகாது என்று விலக்கியிருந்த காலத்தில், 1893இல் அவர் வில்லுவண்டி பூட்டி, நல்லாடை உடுத்தி, அச்சாலையிலேயே ஓட்டிச் சென்றார். நாம் காற்று வாங்க நடக்கும் சாலைகளில் நடப்பதற்கே அன்று ஒரு போராட்டம் வேண்டியிருந்தது! ஓணக் காலத்தில் இக்காயலில் நிகழும் படகுப் போட்டி அவர் பெயரையே தாங்குகிறது. இங்கே வருவோர் இதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் திரும்புவது முறையாகாது.

திடகாத்திரமுள்ளவருக்கு அகத்தியர்கூடம். 1868 மீட்டர் உயரம். போனக்காட்டிலிருந்து காட்டுவழி, இடையில் அதிருமலை முகாமில் இராத்தங்கல். உச்சியில் நம் அகத்தியர் சிலையாக வீற்றிருக்கிறார். இம்மலைத் தொடரின் கிழக்கே பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலிக்கும், மேற்கே பிறக்கும் கரமனையாறு நம் வீட்டுக் குழாய்க்கும் நீர் தருகின்றன என்பதை நினைத்தால், ஊர்விட்டு ஊர் வந்தோம் என்ற எண்ணம் சற்றே தணியும். இம்மலை மீது பெண்கள் ஏறலாகாதென்ற தடையை 2018இல் கேரள உயர்நீதிமன்றம் நீக்கிற்று. தங்கள் தெய்வம் உறையும் இடமென்று காணி மக்கள் மனம் நொந்தனர். எனினும் வழி மறிக்கவில்லை. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் அதிகாரி ஏறி முடித்தார். காணிகளின் வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆயினும் நம் வீட்டுப் பெண்களும் போகட்டும் என்பதே நம் கருத்து.

ஜனவரியில் தொடங்கும் பருவத்திற்கு வனத்துறையின் முன் அனுமதி அவசியம். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுமாதலால், மார்கழியிலேயே விசாரித்து வைப்பது நலம். அட்டைக்கு உப்பு எடுத்துச் செல்க.