இடுப்புச் சாவி

நாலு பேர் வேலை செய்யும் இடத்துக்கு நிர்வாகம் என்ற பெரிய வார்த்தையெல்லாம் தேவையில்லை. எஜமானியின் கண்ணும் குரலும் போதும். அந்த நாலு பேர் முப்பது பேரானால்? அதைத் தேவாரத்தில் என் சித்தி வீட்டில் பார்த்தேன்.

தேவாரம் மலையடிவார ஊர். மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டங்கள். பக்கத்தில் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். வியாபாரிகள் அனுப்பும் காய்ந்த காயைக் காம்பு கிள்ளி, நிறம் பார்த்துப் பொறுக்கி, சல்லடையில் சலித்துப் பருமன்வாரியாகப் பிரித்துக் கொடுப்பது சித்தியின் தொழில். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்த தொழில் வளர்ந்து விட்டது. முறை மட்டும் திண்ணைக் காலத்து முறைதான். எந்த மூட்டை யாருடையது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எல்லாம் சித்தியின் தலைக்குள். பணம் பீரோவுக்குள். பீரோச் சாவி இடுப்பில்!

சித்திக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. சில நாட்கள் தூசி படக் கூடாது என்று டாக்டர் சொல்லி விட்டார். சித்தி படுத்த மூன்றாம் நாள் தொழிலும் படுத்து விட்டது. மருமகள்கள் இருவரும் கெட்டிக்காரிகள்தாம். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு பேரும் இரண்டு விதமாக உத்தரவு போட்டார்கள். ஒரு வியாபாரி தம் மூட்டைகளைத் திருப்பி எடுத்துக் கொண்டு போனார். சனிக்கிழமைக் கூலி இல்லாமல் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். முப்பது வீட்டு அடுப்பு விஷயமல்லவா?

"நான் இல்லேன்னா ஒரு நாள் ஓடாது, பார்த்தியா தாயி!" என்றாள் சித்தி, சற்றுப் பெருமையாகவே. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். இன்று அதில் 40 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் இருக்கிறார்கள். மாவு பிசைவது சிலர். அதைப் பங்கிட்டுக் கொடுப்பது சிலர். வீட்டில் இட்டு வந்த அப்பளத்தை நிறுத்து வாங்குவதும் பாக்கெட் போடுவதும் வேறு சிலர். கிளைக்குக் கிளை ஒரு பொறுப்பாளர். மொத்தத்துக்கும் 21 பேர் கொண்ட நிர்வாகக் குழு. ஆரம்பித்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஸ்தாபனம் முழுவதையும் அந்த எழுவரும் தங்கள் தலைக்குள்ளேயே வைத்திருந்தால், அது கிர்காம் மாடியை விட்டு இறங்கியிருக்குமா?

பம்பாய் வரை போவானேன்? போடியில் நடக்கும் ஏலத்தையே பாருங்கள். சரக்கைக் கொண்டு வருபவர் வேறு, ஏலம் நடத்துபவர் வேறு, விலை கேட்பவர் வேறு. நடத்துபவருக்கும் வாங்குபவருக்கும் ஸ்பைசஸ் போர்டின் லைசென்ஸ் வேண்டும். எல்லாம் ஒரே கையில் இல்லாததால்தான் முன்பின் பழகாதவர்களும் நம்பிச் சரக்கைக் கொண்டு வருகிறார்கள்.

சித்தி வீட்டுச் சுவரிலும் ஒரு தாள் ஏறியது. மூட்டையை நிறுத்து வாங்குவது சின்ன மருமகள். பிரித்த காயை நிறுத்து அனுப்புவது வேறு ஒருத்தி. கணக்கும் கூலியும் பெரிய மருமகள். பொறுக்கும் கூடத்துக்கு, ஆரம்ப நாளிலிருந்து வேலை செய்யும் ஒரு அக்காள். வியாபாரிகளிடம் கூலி பேசுவதும், தினம் மாலையில் நோட்டைப் பார்ப்பதும் சித்தி.

தாள் எழுதப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதன்படி நடக்கத்தான் மாதங்கள் ஆயின. அந்த அக்காள் சரியில்லை என்று திருப்பிய காயை, "போகட்டும், விடு" என்று சித்தி வாங்கிக் கொள்வாள். அப்புறம் அந்த அக்காள் பேச்சை யார் கேட்பார்கள்? பொறுப்பைக் கொடுத்து விட்டு அதிகாரத்தை முந்தானையில் முடிந்து கொண்டால், கொடுத்தது பொறுப்பல்ல, பழி!

ஒரு நாள் ஒரு பெண் சித்தியிடம் நேராக வந்து லீவு கேட்டாள். சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "அக்காகிட்டப் போய்க் கேளு" என்றாள். அன்றுதான் அந்தத் தாளுக்கு உயிர் வந்தது.

சென்ற தையில் சித்தி ராமேசுவரம் போய் நாலு நாள் தங்கி வந்தாள். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே பட்டுவாடா ஆகி விட்டது. "என்னை ஒருத்தியும் தேடலையே!" என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். இருக்கட்டும், அந்த வருத்தம் முப்பது குடும்பங்களுக்கு நல்லது.