நகராமல் நின்றவர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நான் வேலையில் சேர்ந்த புதிதில், லீவுக்கு வந்தது தெரிந்தால் போதும், தெருக்கோடி அத்தை ஓர் இன்லேண்டு லெட்டரோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். 1971 சண்டையில் மகனைப் பறிகொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் கடைசியாகப் போட்ட கடிதம் அது.

"செவலை கன்னு போட்டுச்சா? கிணத்துல தண்ணி ஊறுதா? தங்கச்சிக்குத் தாவணி எடுக்கப் பணம் அனுப்பியிருக்கேன்." சண்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது. படித்து முடித்ததும், "ஏப்பா, இன்னொருக்கா படி" என்பார். மடித்து மடித்துக் காகிதம் கிழிந்து, சில எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அந்த இடம் வரும்போது எனக்கு முந்தி அவரே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்.

பட்டாளத்துக்காரர் என்றால் நம் பிள்ளைகளுக்கு மீசையும் முறைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அந்தச் செவலைப் பசுதான் நினைவுக்கு வரும்.

2020 ஜூன் 17 இரவு, மதுரை விமான நிலையத்தில் ஹவில்தார் பழனியின் உடல் வந்து இறங்கியது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். 22 வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பீரங்கிப் படையில் 81-வது ஃபீல்டு ரெஜிமென்ட். கட்டிய புது வீட்டின் புதுமனை புகுவிழாவுக்குக்கூட வர முடியாமல் எல்லையில் இருந்தார். ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் அவரோடு சேர்த்து நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். துப்பாக்கி வெடிக்காத சண்டை. கல்லெறி, கூரிய ஆயுதம், கைகலப்பு.

பழனிக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ராவுக்கு அடுத்த போர்க்கள விருது. 2021 நவம்பரில் அவர் மனைவி ஜனாதிபதியிடம் அதைப் பெற்றுக்கொண்டார். ஐந்து முனை வெள்ளி நட்சத்திரம், பாதி கருநீலமும் பாதி ஆரஞ்சுமாக ரிப்பன். எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கெல்லாம் விருதுச் சான்றில் இல்லை. கூட இருந்தவர்களைக் காக்கப் பார்த்தார், காயம்பட்ட பிறகும் நின்ற இடத்தை விடவில்லை என்பதுதான் அதில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் கதையும் இதுதான். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி தேடிப் போன இடத்தில், கூட வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகள்தான் இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து விழுந்து, தன் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது வந்தபோது அவர் இல்லை. அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எதிரிமேல் இருக்கும் கோபம் கொஞ்ச நேரம் தாங்கும். பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்ற எண்ணம்தான் ஒரு மனிதனை அப்படி நிறுத்தும் என்று நான் நம்புகிறேன். வீட்டில் தங்கச்சி தாவணிக்குக் கவலைப்பட்டவனுக்குத்தான் அது வரும்.

அப்படி நின்று விழுந்தவர்களை நம் முன்னோர் மறக்கவில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் இருக்கிறது புலிமான்கோம்பை. அங்கே 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகல் ஒன்றில் உருவம் கிடையாது, தமிழ் பிராமி எழுத்து மட்டும். எந்த ஊர், என்ன பூசல், இறந்தவன் யார் என்று சொல்கிறது. மாடு கவரும் பூசலில் விழுந்தவனின் பேரைக் கல்லில் வெட்டி, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் காத்து வைத்திருக்கிறது இந்த மண். நாமோ பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மறந்துவிடுகிறோம். மாலை, ஊர்வலம், பேனர் எல்லாம் அன்றைக்கு நடக்கும். பென்ஷன் காகிதத்தோடு அலுவலகப் படியேறும்போது இறந்தவனின் மனைவியோடு யார் போகிறார்கள்? டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு நிதி கேட்டு நோட்டை நீட்டினால் முகம் சுளிக்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

அத்தை இறந்தபோது அந்தக் கடிதத்தை அவர் கையிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அதைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்குப் பேரன் வந்தபோது அதே திண்ணையில் உட்கார வைத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "செவலைன்னா என்ன தாத்தா?" என்று கேட்டான். அங்கேயிருந்து தொடங்கினேன்.