டையூ: பூட்டிய வீடுகளின் தீவு

தீபாவளிக்கு மறுநாள் அகமதாபாத் கடைத்தெருக்களில் பல ஷட்டர்கள் இறங்கியே கிடக்கின்றன. லாப பஞ்சமியன்று பூஜை போட்டுத் திறக்கும்வரை வியாபாரம் பெரும்பாலும் கிடையாது. அந்தச் சில நாட்களில் பாதி குஜராத் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுகிறது. அதில் கணிசமான பகுதி தெற்கே, சௌராஷ்டிரத்தின் கீழ்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் டையூ தீவுக்கு. கடல் மட்டும் காரணமல்ல. குஜராத் மாநிலம் பிறந்த 1960லிருந்தே அங்கு மதுவிலக்கு. டையூவில் அது கிடையாது. எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டிய சற்று நேரத்தில் கடைகளின் பெயர்ப்பலகைகளே விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன.

அந்தக் கூட்டத்தோடு போகாமலிருப்பது புத்திசாலித்தனம். லாப பஞ்சமி கழிந்து ஒரு வாரம் பொறுத்தால் இது வேறு ஊர். ஓட்டல்காரர்கள் வாடகையில் இறங்கி வருகிறார்கள். மழைக்காலத்தில் கொந்தளித்த கடல் அடங்கியிருக்கிறது. டில்லி புகைமூட்டத்தில் இருமத் தொடங்கும் நவம்பர் பிற்பகுதியில் இங்கே பகலில் 30 டிகிரி வெயில். இரவில் மெல்லிய போர்வை போதும். இரண்டு நாள் விடுமுறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குதிரை லாடம்போல் வளைந்த நாகோவா கடற்கரைக்குத்தான் எல்லோரும் முதலில் போகிறார்கள். தமிழர்களை அங்கே நிறுத்திவைப்பது கடலல்ல, மரம். பனைக்குக் கிளை கிடையாது என்று நம்பி வளர்ந்தவர்கள் முன்னால், இரண்டாகவும் நான்காகவும் கவைவிட்டு, ஒவ்வொரு நுனியிலும் விசிறி ஓலையோடு நிற்கிறது ஹோகா பனை. போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்பது ஊர்க்கதை. தாவரவியலாளர்களோ இது இந்திய மேற்குக் கரைக்கே உரியது என்கிறார்கள். அமைதியை விரும்புகிறவர்கள், கழிமுகத்துக்கு அப்பால் இருக்கும் கோக்லா கடற்கரைக்குப் போகலாம். தூய்மைக்காக 2020ல் நீலக்கொடிச் சான்று பெற்றது அது. மோட்டார் படகு, பாராசூட் வேடிக்கைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாக் கடற்கரைகளிலும் இருப்பவைதான்.

ஆனால் டையூவைப் பார்க்க வேண்டியது கடற்கரையில் அல்ல, ஊருக்குள். காலை எட்டு மணிக்குப் பழைய நகரின் சந்துகளில் நடந்தால், இளநீலமும் மஞ்சளும் பூசிய மாடி வீடுகள், மரச் செதுக்கு வேலைப்பாடுகள், வளைவு ஜன்னல்கள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. சில பூட்டுகளில் துரு. சில கதவுகள் புது வர்ணத்தோடு இருந்தாலும் அவற்றிலும் பூட்டுதான். உரிமையாளர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலோ லிஸ்பனிலோ மொசாம்பிக்கிலோ இருப்பார்கள்.

புறப்பட்டுப் போவது இந்தத் தீபகற்பத்துக்குப் பழகிய விஷயம். மதுரை சௌராஷ்டிரர்களின் மரபுக்கதை தொடங்குவதும் இந்த மண்ணில்தான். டையூவின் வாணியர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே துணி மூட்டைகளோடு மொசாம்பிக் கரையில் இறங்கி, தந்தம் வாங்கித் திரும்பியவர்கள். வந்தவர்கள் கதையும் உண்டு. 1509ல் இந்தக் கடலில் நடந்த போரில்தான் போர்த்துகீசியர்கள் எகிப்து, குஜராத் கப்பல்களை முறியடித்தார்கள். ஹுமாயூனுக்குப் பயந்த குஜராத் சுல்தான் பகதூர் ஷா, உதவிக்குப் பிரதியாக 1535ல் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதித்தார். இரண்டே ஆண்டுகளில் அவர்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டு, இதே கடலில் மூழ்கினார். 1538லும் 1546லும் நடந்த முற்றுகைகளைத் தாங்கிய அந்தக் கோட்டை இன்றும் மூன்று பக்கமும் அலை மோத நிற்கிறது. அதற்காகக் கல் வெட்டிய பள்ளங்களே நாய்டா குகைகள் என்று கருதப்படுகிறது. பத்து மணிக்கு மேல் மேல்திறப்புகள் வழியே வெளிச்சம் விழும்போது பார்க்க வேண்டும்.

1961 டிசம்பர் 19ல் போர்த்துகீசிய ஆட்சி முடிந்தது. லிஸ்பனின் கோபம் மொசாம்பிக்கில் வாழ்ந்த இந்தியர்கள்மேல் திரும்பியது. அவர்களை முகாம்களில் அடைத்து, சொத்துக்களைப் பறித்தார்கள். டையூவிலிருந்து போன குடும்பங்களும் இதில் தப்பவில்லை.

அந்தத் தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதற்கு முன் இங்கே பிறந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்த்துகீசியக் குடியுரிமை கோரலாம். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் ஐரோப்பாவின் கதவு திறக்கும். போர்ச்சுகலுக்கென்று பாஸ்போர்ட் வாங்கியவர்களில் பலர் பிரிட்டனில்போய் இறங்கினார்கள். தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை கிடைத்தது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகிய பின், 2020 இறுதியோடு அந்தச் சுலப வழி அடைபட்டது. இதற்கு விலையும் உண்டு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே குடிமகனானால், பிறந்த ஊரில் ஓட்டுப் போடும் உரிமை போய்விடுகிறது.

போனவர்கள் எவ்வளவு பேர் என்பதை மக்கள்தொகைக் கணக்கு மறைமுகமாகக் காட்டுகிறது. 2011ல் டையூவில் சுமார் 52,000 பேர். 1,000 ஆண்களுக்கு 1,031 பெண்கள். அதே யூனியன் பிரதேசத்தில் இருந்த டாமனில், வெளிமாநிலத் தொழிலாளர்கள் குவிந்ததால், இந்த எண்ணிக்கை 500ஐச் சற்றே தாண்டியது. ஒரே நிர்வாகம், ஒரே சரித்திரம். ஒன்று ஆண்களை இழுக்கும் ஊர், மற்றது அனுப்பும் ஊர்.

1610ல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் பால் தேவாலயத்தில் இப்போதும் பூசை நடக்கிறது. செயின்ட் தாமஸ் தேவாலயம் மியூசியமாகிவிட்டது. எஞ்சியிருக்கும் சிறு கிறிஸ்தவ சமூகத்தின் வீடுகளில், குஜராத்தி கலந்த போர்த்துகீசியக் கலப்புமொழி ஒன்று இன்னும் பேசப்படுகிறது. குடும்பங்கள் கிளம்பக் கிளம்ப அதைப் பேசுகிறவர்களும் குறைகிறார்கள். கோட்டைகளைப் பாதுகாக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. இதைப் பாதுகாக்க அடுக்களைகள்தான் உண்டு.

தீவின் மேற்குக் கோடியில் வணக்பாராவுக்கு இந்த அமைதி தெரியாது. அங்கே மரப்படகுகள் கட்டப்படுகின்றன, வலைகள் பழுதுபார்க்கப்படுகின்றன, மீன் காய்கிறது. வாசனை பொறுக்காதவர்கள் காற்று வீசும் திசை பார்த்து நிற்கலாம். இந்தக் கரையின் மீனவர்கள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் பாகிஸ்தான் சிறைகளில் வாடுவதும் உண்டு. ராமேஸ்வரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் சக்ரதீர்த்தக் குன்றில் ஐ.என்.எஸ். குக்ரி நினைவிடம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். தப்ப வழியிருந்தும் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் சிறு மாதிரி, எதிரே கடல். மாலையில் அங்கே போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வேராவல்வரை ரயிலில் வந்தால், அங்கிருந்து சுமார் 90 கி.மீ. சாலைப் பயணம். சோமநாதர் கோயில் வழியிலேயே இருக்கிறது. சைக்கிளோ ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுத்தால் ஒரே நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம். அதற்கே கிறிஸ்துமஸுக்குமுன் போவது நல்லது. அதன்பிறகு வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களால் சந்துகளில் வண்டி நிறுத்த இடமிருக்காது. பூட்டுகள் திறக்கின்றன, கொடியில் குழந்தைகளின் துணிகள் காய்கின்றன, கல்யாண மேளம் கேட்கிறது. அவர்களுக்கும் சில வாரங்கள்தான் லீவு.